மூணு தடவை அலசின சட்டை

கிள்ளான், மலேசியா
வியாழக்கிழமை

அன்புள்ள கோமதிக்கு,

நீயும் பாப்பாவும் சுகந்தானே? உங்க அம்மாவுக்கு மூட்டுவலி தேவலையா? எனக்கு ஒரு குறையும் இல்ல.

இன்னிக்கு ஊருக்குக் கிளம்பற அடைக்கலம் அண்ணன்கிட்ட பை கொடுத்திருக்கேன். பாப்பா கட்டிக்கிட்டுத் தூங்க நான் போட்டுக் கழட்டின சட்டை ஒண்ணு, துவைக்காம அனுப்பச் சொன்னியே, அதுல ஒரு விஷயம். பயப்படாதே.

பிரிக்பீல்ட்ஸ்ல ஒரு பழைய வீடு. சீலிங் முழுக்க சொரசொரன்னு பூச்சு. அதைச் சுரண்டி எடுக்க எங்க முதலாளி சிவநேசன் மூவாயிரம் வெள்ளி பேசினார். ஒரு ரூம் முடிச்சோம், மாவு மாதிரி கொட்டுச்சு. அப்புறம்தான் வீட்டுக்கார ஆன்டி, "ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருந்தா நெஞ்சுக்கு ஆகாது, டெஸ்ட் பண்ணுங்க"ன்னாங்க. கலந்திருந்தா அதுக்குன்னே உள்ள ஆளுங்கதான் எடுக்கணும், இருபதாயிரம் ஆகுமாம். முதலாளியோ, "தண்ணி தெளிச்சுச் சுரண்டு, போதும் லா"ங்கறார். ரிசல்ட் வராம ஏணியில ஏற மாட்டேன்னுட்டேன். ரெண்டு நாளா அவர் மூஞ்சி கொடுத்துப் பேசல. என் வேலை பெர்மிட் அவர் கையில.

ரிசல்ட் திங்கக்கிழமை வரும். முதல்ல பையில வச்ச சட்டை அந்த ரூம்ல போட்டிருந்தது, தூசி ஒட்டியிருக்கும். அதை எடுத்துட்டு, தீபாவளிச் சட்டையை வச்சிருக்கேன். அதுவும் அந்தச் சட்டையோட ஒரே கொடியில கிடந்துச்சுன்னு மூணு தடவை அலசிட்டேன். என் வாசம் இருக்காது. பாப்பாவை எப்படியாவது சமாளி.

அண்ணன் அவசரப்படுத்தறார். அவர் திரும்பி வரும்போது பாப்பா சட்டை ஒண்ணு கொடுத்தனுப்பு.

துவைக்காதே.

உன்
கருப்பையா