கறுவாவின் இடது கண்

8 ஜூன் 2025, ஞாயிறு

கறுவாவின் கண்கள் பால் கலந்ததுபோல் நீலமாகிவிட்டன. சட்டை உரிக்கப் போகிறது. மருமகள் வினுஷா கலியாணத்துக்கு முன்பிருந்தே லைசென்ஸ் எடுத்து வளர்க்கும் சின்ன மலைப்பாம்பு அது. நீட்டிப் பிடித்தால் என் கை நீளம் வரும். "இப்ப அவளுக்குக் கண் தெரியாது மாமா. தொடாதேங்கோ, பயந்திடுவாள்" என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போனாள். கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் தண்ணீர்க் கிண்ணத்தை நிரப்புவது என் பொறுப்பு. இங்கே கிரான்பர்னில் ஜூன் என்றால் குளிர்காலம், ஹீட்டர் நாள் முழுக்க ஓடுகிறது. வீட்டுக் காற்று காய்ந்து கிடக்கிறது.

இரவு என் மகன் சுபாங்கன் சாப்பாட்டுக் கோப்பையைச் சுவரில் அடித்தான். கறி உறைப்பில்லையாம். வினுஷா கதிரையை விட்டு எழும்பவில்லை. நான்தான் சுவரைத் துடைத்தேன். மஞ்சள் கறை போகவில்லை.

13 ஜூன், வெள்ளி

காலுறையைக் கழற்றுவதுபோல, சட்டை ஒரே உறையாக வர வேண்டும். துண்டு துண்டாகத்தான் வந்திருக்கிறது. வால் நுனியில் பழைய தோல் வளையமாக இறுகியிருக்கிறது. இடது கண்ணை மூடியிருக்கும் செதிலும் கழலவில்லை.

கிண்ணம் காய்ந்திருந்தது. நேற்று நிரப்பினேனா? நிரப்பியதாகத்தான் ஞாபகம். இந்த வயதில் ஞாபகத்தை எவ்வளவுக்கு நம்புவது?

வினுஷாவின் மணிக்கட்டில் விரல் தடங்கள். "கார்க் கதவு மாமா" என்றாள். கார்க் கதவுக்கு விரல்கள் இல்லை.

14 ஜூன், சனி

பெரிய மடத்தனம் செய்துவிட்டேன். சனிக்கிழமை, வழக்கம்போல எண்ணெய் முழுக்கு. நல்லெண்ணெய்ப் போத்தல் கையில் இருந்தது. காய்ந்த தோலுக்கு எண்ணெய்தானே மருந்து என்று நினைத்து, கறுவாவுக்கும் தலை தொடக்கம் வால் வரை பூசினேன். உச்சியில் கொஞ்சம் தேய்த்தும் விட்டேன்.

வினுஷா கண்டாள். கோபிப்பாள் என்று நின்றேன். "என்ன மாமா, தோசைக்கல்லுக்குப் பூசின மாதிரி பூசியிருக்கிறீங்கள்!" வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவள் சிரித்து எத்தனை நாள். பிறகு இளஞ்சூட்டுத் தண்ணீரில் கழுவி, ஈரத் துவாய்க்குள் பாம்பை ஊரவிட்டாள். வால் வளையம் கழன்றது. "கண்ணை மட்டும் தொடக்கூடாது. அடுத்த சட்டையோட தானா வரும்."

சிரிப்புச் சத்தம் கேட்டுச் சுபாங்கன் மேலிருந்து இறங்கி வந்தான். இருவரும் உடனே நிறுத்திக்கொண்டோம்.

17 ஜூன், செவ்வாய்

சுபாங்கன் புருவம் பிடுங்கும் குறட்டோடு வந்தான். "ஒரு பாம்புக்கு வீடு முழுக்கச் சேவகம். தோல்தானே? நான் உரிச்சு விடுறன்." வேண்டாம் தம்பி என்றேன். அவனுக்குக் கேட்டிருக்காது, எனக்கே கேட்கவில்லை.

கறுவாவைக் கழுத்தில் பிடித்துக் கண்ணுக்குள் குறட்டின் நுனியை நுழைத்தான். இழுத்தான். கறுவா அவன் பெருவிரலைக் கவ்வியது. பிய்த்தெடுத்து, வாலில் பிடித்து, சுவரில் ஓங்கி அடித்தான். அதே சுவர். வினுஷா ஓடி வந்து கையைப் பிடிக்க, அவளின்ரை தலைமயிரைச் சுத்திப் பிடிச்சு முகத்தை ஃபிரிட்ஜ் கதவோட மோதினான். திரும்பவும் மோதினான். அந்தச் சத்தம் —

நான் குசினி வாசல்ல நிண்டனான். கையில தேத்தண்ணி. அதைக் கீழ வைக்கக்கூடத் தோணேல்லை.

18 ஜூன், புதன்

இன்றைக்கு முடியாது. பிறகு எழுதுகிறேன்.

19 ஜூன், வியாழன்

செவ்வாய் அன்றே பக்கத்து வீட்டு ஹம்சா பொலிசுக்கு ஃபோன் அடித்திருந்தார். வந்தார்கள். வினுஷா ஐஸ் பையை முகத்தில் வைத்தபடி, வழுக்கி விழுந்ததாகச் சொன்னாள். சுபாங்கன் என்னையே பார்த்துக்கொண்டு நின்றான். குளியலறையில் இருந்தேன், ஒன்றும் பார்க்கவில்லை என்று நல்ல இலக்கணச் சுத்தமான இங்கிலிஷில் நான் சொன்னேன். அவர்கள் நன்றி சொல்லிவிட்டுப் போனார்கள்.

மிருக வைத்தியர் சொன்னார்: விலா எலும்புகள் முறிவு. இடது கண் இனி இல்லை.

குப்பைத் தொட்டி வைக்கப் போனபோது ஹம்சா வேலிக்கு மேலால் கேட்டார்: "ஏன் அங்கிள், உங்கட குளியலறை அவ்வளவு தூரத்திலயா இருக்கு? எங்கட வீட்டுக்கே கேட்டதே." தொட்டியை வைத்துவிட்டு உள்ளே வந்துவிட்டேன்.

3 ஜூலை, வியாழன்

இடது கையால் எழுதுகிறேன்.

காயம் பட்டதாலோ என்னவோ, கறுவாவின் மிஞ்சிய கண் மறுபடியும் பால்பூத்திருக்கிறது. நேற்றுக் காலை குசினிக்குள் போனபோது சுபாங்கன் கிண்ணத்துத் தண்ணீரைச் சிங்கில் ஊற்றிக்கொண்டிருந்தான். ஒளிக்கவில்லை. "காயட்டும். அவள் வந்து அழட்டும்."

அப்படியானால் அன்றைக்கும் இவன்தான். நான் என் மூளையைச் சந்தேகித்துக்கொண்டிருந்தேன்.

"தண்ணியைத் திரும்ப வை தம்பி."

"வைக்காட்டி? பொலிசுக்குச் சொல்லுவீங்களோ? நீங்கள் குளியலறையில எல்லோ இருப்பீங்கள் அப்பா."

இரவு வேலை முடிந்து வினுஷா வந்தாள். வெற்றுக் கிண்ணத்தைப் பார்த்தாள். எடுத்து நிரப்பப் போனாள், அவ்வளவுதான். சுபாங்கன், பாம்புப் பெட்டிக்குச் சூடு தரும் விளக்கை வயரோடு பிடுங்கி அவள் தோளில் அடித்தான். குமிழ் வெடித்தது. அவள் விழுந்ததும் வயிற்றில் உதைத்தான். உதைச்சுக்கொண்டே இருந்தான்.

நான் அவன் கண் முன்னால் பொலிசின் அவசர எண்ணான மூன்று சைபரை ஃபோனில் அழுத்தினேன். என் பெயர் தனபாலன், என் மகன் தன் மனைவியை அடிக்கிறான், நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்றேன். முகவரி சொன்னேன். தெருவின் பெயரை எழுத்தெழுத்தாகச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே என் கையைப் பின்னால் முறுக்கினான். எலும்பு முறிந்தது எனக்குக் கேட்டது. ஃபோன் கீழே விழுந்தது. மிச்ச எழுத்துக்களைக் கத்திச் சொன்னேன். என் வாழ்நாளில் நான் அப்படிக் கத்தியதில்லை.

பொலிசார் வந்து கைவிலங்கோடு கொண்டுபோகும்போது "அப்பா" என்று கூப்பிட்டான். சின்ன வயதில் கூப்பிட்ட அதே மாதிரி.

5 ஜூலை, சனி

ரொறன்ரோவிலிருந்து மச்சாள் ஃபோன் எடுத்தா. "பெத்த பிள்ளையைப் பொலிசிட்டக் குடுத்தனீங்களாம்?"

ஓம் என்றேன்.

"உங்களுக்கு மூளை கலங்கி விசர் பிடிச்சிட்டுது."

இருக்கலாம். எனக்கும் நிச்சயமில்லை. ஃபோனை வைத்தபின் நெடுநேரம் அழுதேன்.

26 ஆகஸ்ட், செவ்வாய்

வினுஷாவுக்குப் பாதுகாப்பு உத்தரவு கேட்டு வழக்கு. சாட்சி சொல்ல என்னையும் அழைத்திருந்தார்கள். நீதிமன்றத்தில் இரண்டு காத்திருப்பு அறைகள். இரு தரப்பும் சந்திக்காதபடி. தாழ்வாரத்தின் மறு முனையில், பிணையில் வந்திருந்த சுபாங்கன் வெள்ளைச் சேர்ட்டோடு தனியே இருந்தான். மெலிந்திருந்தான். சாப்பிட்டானோ தெரியாது.

வாசலில் நின்ற அலுவலர் வினுஷாவின் பெயரைச் சரிபார்த்து உள்ளே இருத்தினாள். பிறகு என்னிடம், "நீங்கள் இவருடைய அப்பாவா?" என்று கேட்டாள்.

"இல்லை. அவனுடைய அப்பா."

"அப்படியானால் உங்களுக்கு அந்த அறை, ஐயா."

அந்தப் பக்கம் ஒரு தடவை பார்த்தேன்.

"இல்லை," என்றேன். "இதுதான் என் அறை."

வினுஷா தன் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு பக்கத்துக் கதிரையை ஒழித்துத் தந்தாள்.