வலிக்காத கால்

அன்பு மகன் பெரியவனுக்கு அப்பா எழுதுவது. நலம், நலமறிய ஆவல் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், முன்பாதி பொய்யாகிவிடும் என்பதால் பின்பாதியை மட்டும் கேட்கிறேன், நீ நன்றாக இருக்கிறாயா, வேளைக்குச் சாப்பிடுகிறாயா. உன் தங்கச்சி வாரம் ஒருமுறை வந்து என்னைத் திட்டிவிட்டுப் போகிறாள். சலூனைப் பூட்டி இருபது நாளாகிறது, என் வாடிக்கைக்காரர்கள் எதிர்க்கடைக்குப் போய் ஒரு பக்கம் ஏற்றமும் ஒரு பக்கம் இறக்கமுமாகக் கிருதா வைத்துக்கொண்டு திரிகிறார்கள்.

அப்பா காலில் சின்னப் புண் என்று அம்மா போனில் சொன்னது நான் சொல்லச் சொன்னது, அவளைக் கோபிக்காதே. அது சின்னப் புண் இல்லை. வலது உள்ளங்காலில் எனக்கு ஓர் ஆணி உண்டே, முப்பது வருஷம் நாற்காலியைச் சுற்றி நின்று சம்பாதித்தது, அதை டாக்டரிடம் காட்டச் சொல்லி அம்மா கரடியாய்க் கத்தினாள். ஊரார் கழுத்தில் கத்தி வைத்து ஒரு கீறல் விடாத கை, என் காலுக்கு இன்னொருவர் எதற்கு என்று புது பிளேடு போட்டு நானே சீவினேன். துளிகூட வலிக்கவில்லை, என் கைப்பக்குவம் என்று பெருமைப்பட்டேன். என்னங்க, நீங்க நடந்த இடமெல்லாம் சிவப்பா இருக்கே என்று அம்மா சொன்ன பிறகுதான் குனிந்து பார்த்தேன். டாக்டரம்மா ஒரே வார்த்தையில் முடித்தார், வலிக்கலைங்கிறதுதான் உங்க வியாதியே என்று. சர்க்கரை என் காலின் உணர்வை எப்போதோ கொன்றிருக்கிறது. தினமும் உள்ளங்காலைக் கண்ணாடியில் பார்ப்பீங்களா என்றும் கேட்டார். வந்தவர்களுக்கெல்லாம் பின்னால் கண்ணாடி பிடித்துப் பிடரியைக் காட்டியவன், ஒருநாள்கூட அதை என் காலுக்குக் கீழே பிடித்ததில்லை. இரண்டு விரல் கறுத்துவிட்டது, முழங்காலுக்குக் கீழே எடுக்கப் போகிறார்கள். நாளை காலை.

போன மாதம் செருப்பு கழன்றதுகூடத் தெரியாமல் வேலை பார்க்கும் கிடங்கு வாசல்வரை நடந்தேன் என்று நீ போனில் சொல்லிச் சிரித்தாய், நானும் சேர்ந்து சிரித்தேன். எனக்கும் அப்படித்தான் ஆரம்பித்தது, இங்கே ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டு கணக்குப் பார்க்கும்போதுதான் புரிகிறது. எனக்குப் பயமாக இருக்கிறது. சர்க்கரை பார். குளித்ததும் விரலிடுக்கை ஈரம்போகத் துடை, இல்லாவிட்டால் சேற்றுப்புண் வரும். நகத்தை நேராக வெட்டு, ஓரத்தைத் தோண்டாதே. ஷூவை உதறிவிட்டுப் போடு, வீட்டுக்குள்ளும் வெறுங்காலோடு நடக்காதே, ஆணி வந்தால் பிளேடை எடுக்காதே. சொல்கிறேனே தவிர நீ கேட்பாய் என்ற நம்பிக்கை எனக்கு இல்லை, நீ என் பிள்ளைதானே.

புறப்பட்டு வராதே, நீ வந்து சேருமுன் எல்லாம் முடிந்திருக்கும். கால் மாறிவிடக் கூடாது என்று சற்றுமுன் நர்ஸ் பெண் பேனாவோடு வந்தாள். நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன். எப்பம்மா அடையாளம் போடுவ என்று கேட்டேன். போட்டாச்சுப்பா என்றாள்.

சர்க்கரை பார்த்த சீட்டை அம்மாவுக்கு அனுப்ப மறக்காதே. சொந்தக் காலில் நில் என்று சொல்லித்தான் உன்னை அவ்வளவு தூரம் அனுப்பினேன். ஆசீர்வாதமாகவும் அதையேதான் சொல்கிறேன்.

இப்படிக்கு,
உன் அப்பா