மூடுபனி நாளில் ஐந்து கடிகாரங்கள்

திண்ணனூர் நாட்டுத் தோட்டத் தொழிலாளப் பெருமக்களே! காப்பிப் பழம் பறித்த கையைக் கூடக் கழுவ நேரமின்றி இக்கூட்டத்திற்கு ஓடிவந்திருக்கும் தாய்மாரே!

மூடுபனி இறங்கிவிட்டது. மாலை மணியும் மீண்டும் பிந்தத் தொடங்கிவிட்டது. வேலை முடிந்ததென்று ஐந்து மணிக்கு ஒலிக்க வேண்டிய தண்டவாளத் துண்டு, கண்காணிக்கு விருப்பம் வரும்போது ஒலிக்கிறது. கரடி நடமாடும் ஒற்றையடிப் பாதையில் நீங்கள் இருட்டில் வீடு திரும்புகிறீர்கள். இதுவே நம் குறை. இதைப் பற்றி நான் இன்று முழங்கப் போவதில்லை. இதே குறையை முன்பொருமுறை தீர்த்துவைத்தவர் இன்று நம்மிடையே இல்லை. அவருடைய படத்தைத் திறந்துவைக்கவே கூடியிருக்கிறோம். அவருக்கு நான் எழுதிய மடலை உங்கள் முன் படிக்கிறேன். பொறுமையோடு கேளுங்கள்.

நண்பரே,

உங்கள் துணைவியார் நேற்று முள்ளுக்குறிச்சியிலிருந்து மலையேறி வந்தார். தலைச்சும்மாட்டின் மேல் ஒரு தகரப்பெட்டி. அதை என் முன் இறக்கி மூடியைத் திறந்தார். வறுத்த அரிசியும் மிளகும் கலந்த மணம் அறை முழுதும் பரவியது. மலைப்பனியின் ஈரம் பொறிக்குள் புகாதிருக்க நீங்கள் ஒவ்வொரு கைக்கடிகாரத்தையும் வறுத்த அரிசியில் புதைத்து வைப்பீர்கள். அரிசியில் பூச்சி விழாதிருக்க நாலைந்து மிளகைப் போட்டுவைப்பீர்கள். அந்த மணம் உங்கள் சட்டையிலும் இருக்கும். நீங்கள் வந்திருப்பதை நான் பார்க்கும் முன்பே அறிந்துகொள்வது அதனால்தான்.

"இந்தக் கழுதைகளுக்குச் சாவி குடுத்துக் குடுத்து எம்பட வெரலே தேஞ்சு போச்சுங்க," என்றார் அம்மையார். "அவிய இருந்தவரைக்கும் பொறுத்துக்கிட்டேன். இனி நீங்களாச்சு, இதுகளாச்சு."

நினைவுக்காக வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாமே என்றேன்.

"ஊட்ல அஞ்சும் டிக்கு டிக்குனு கெடக்குது. படுத்தாத் தூக்கம் வரமாட்டீங்குதுங்க."

அவர் அழவில்லை. நீர் வாங்கிக் குடித்துவிட்டு, பொழுது சாயுமுன் இறங்க வேண்டும் என்று புறப்பட்டுவிட்டார். நான் பெட்டியின் முன் அமர்ந்தேன்.

உங்களை நான் முதன்முதலில் கண்டது முள்ளுக்குறிச்சிச் சந்தைத் திடலில். அன்று இரண்டு மணி நேரம் பேசினேன். முன்வரிசையில் வெள்ளைச் சட்டையும் மடித்துவிட்ட கையுமாக ஒருவர் கண் இமைக்காமல் அமர்ந்திருந்தார். நான் இடக்கையை உயர்த்தும்போதெல்லாம் அவர் தலையும் உயர்ந்தது. தாழ்த்தும்போதெல்லாம் தாழ்ந்தது. என் உரை ஓர் உள்ளத்தையாவது இவ்வளவு ஆழமாகப் பற்றிவிட்டதே என்று மகிழ்ந்தேன். கூட்டம் கலைந்ததும் அவர் மேடையேறி வந்தார். நீங்கள்தான்.

"ஏனுங்க, அந்தக் கையைக் கொஞ்சம் இப்பிடி நீட்டுங்க. வந்ததுலருந்து பாக்கறேன், என்ன கம்பெனின்னே தெரியலீங்க. நீங்க ஒரு எடத்துல நிறுத்த மாட்டீங்கறீங்க."

ஊரார் எனக்கு அன்பளித்த கடிகாரத்தைக் காதருகே வைத்துக் கேட்டீர்கள். பின்பு உதட்டைப் பிதுக்கித் திருப்பிக் கொடுத்தீர்கள். "இது எல்லார் கையிலயும் இருக்கறதுங்க. நமக்கு வேண்டாம்."

நான் கொடுப்பதாகவே சொல்லவில்லை! நம் நட்பு அப்படித்தான் தொடங்கியது.

அன்று மலைக்குச் சாலை இல்லை. லாரி முள்ளுக்குறிச்சியோடு நின்றுவிடும். மிளகு வாங்க நீங்களும், கூட்டம் பேச நானும் ஒரே பாதையில் நடந்து ஏறினோம். உங்கள் கடிகாரத் தேட்டத்தின் கதையை அந்த ஏற்றங்களில்தான் கேட்டேன். ஒரு நிறுவனத்துக்கு ஒரு கடிகாரம். இரண்டாவதை இலவயமாகக் கொடுத்தாலும் தொடமாட்டீர்கள். அயல்மொழிப் பெயர்களைப் படிக்க உங்களுக்கும் ஆகாது, எனக்கும் ஆகாது. ஆகவே முகப்பில் உள்ள முத்திரையைக் கொண்டு நீங்களே பெயரிட்டீர்கள். முடி, நங்கூரம், சேவல் என மூன்று. போரிலிருந்து திரும்பிய ஒருவரிடம் பால் ஆட்டைக் கொடுத்து வாங்கிய கருமுகக் கடிகாரம், பட்டாளத்தான். தோட்டத்தை விற்றுவிட்டுச் சீமைக்குப் போன வெள்ளைக்காரர் மனைவியின் கையிலிருந்து வந்த சின்னஞ்சிறியது, சீமாட்டி. அதன் வார் உங்கள் மணிக்கட்டைச் சுற்றாது. நூல் கட்டி நீட்டிக்கொள்வீர்கள்.

"உங்களுக்கு எத்தனை மணிக்கட்டு?" என்று கேட்டேன் ஒருநாள்.

"உங்களுக்கு எத்தன வாயிங்க? ஒரு வாயில எத்தன பேச்சுப் பேசறீங்க!"

கைக்கடிகாரம் என்று நான் சொல்வதும் உங்களுக்கு நகைப்பு. "அத நீங்க சொல்லி முடிக்கறதுக்குள்ள ஒரு நிமிசம் ஓடிருமுங்க. வாச்சுன்னு சொல்லிப் பழகுங்க." நான் பழகவில்லை. நீங்களும் விடவில்லை.

பிறகு அந்த மூடுபனிக்காலம் வந்தது. இதே தோட்டம், இதே தண்டவாளத் துண்டு. வெயில் நாளில் மணி நேரத்துக்கு ஒலித்தது. நிழலைப் பார்த்துப் பொழுதறியும் பெண்களை வெயில் நாளில் ஏமாற்ற முடியாது. பனி மூடிய நாளில் நிழல் ஏது? அந்நாளில்தான் மணி பிந்தியது. பழம் பறிக்கும் பாவாயி அம்மையார் இதைக் கண்டுபிடித்து என்னிடம் சொன்னார். அவருடைய நாத்தனாரைக் கரடி பிறாண்டிய பாதையில்தான் அவர் நாள்தோறும் வீடு திரும்ப வேண்டும்.

நான் என் கடிகாரத்தோடு தோட்ட வாயிலில் போய் நின்றேன். கண்காணி எட்டிப் பார்த்தார். "இந்தக் கம்பெனி வாச்சு முந்தித்தானுங்க ஓடும். ஊருக்கே தெரியும்," என்றார். மறுநாள் பள்ளி ஆசிரியரின் கடிகாரத்தையும் வாங்கிப் போனேன். இரண்டும் ஒரே நேரம் காட்டின. கண்காணி சிரித்தார். "ரெண்டும் ஒரே கம்பெனி. அண்ணனும் தம்பியும் சேந்துதானே பொய் சொல்லும்?" சூழ நின்றவர்களும் சிரித்துவிட்டார்கள். மேடையில் ஒருவரும் என்னை அப்படி மடக்கியதில்லை.

அன்றே, மலைமேல் நீங்கள் மிளகு வாங்கும் வாசலூர்பட்டிக்கு நடந்தேன். நீங்கள் கொட்டகையில் மிளகு நிறுத்துக்கொண்டிருந்தீர்கள். தன் வீட்டு மரத்தில் படர்ந்த கொடியின் மிளகை விற்கப் பாவாயி அம்மையாரும் வந்திருந்தார். ஐந்து நிறுவனக் கடிகாரங்களோடும் தோட்ட வாயிலுக்கு வரும்படி கேட்டு, உழைப்பவர் உரிமை பற்றி உங்களிடம் நெடுநேரம் பேசினேன். நீங்கள் தராசின் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

"தோட்டத்து மெளகு பூரா நாந்தானுங்க எடுக்கறேன். தொரையைப் பகைச்சுக்கிட்டு நான் எங்க போறது? உங்களுக்குக் கைதட்டு கெடைக்கும். எனக்கு?"

அது முறையான கேள்வி. பாவாயி அம்மையார்தான் சாக்கை உதறிக்கொண்டே சொன்னார்: "உடுங்க சாமி. இவுங்களக் கூப்புட்டு என்ன ஆவறது? வாச்சுன்னாலே பொய்தான், எல்லாம் சந்தைச் சரக்குன்னுதான் அந்தக் கண்காணி சொல்லிட்டுத் திரியறான்."

நீங்கள் தராசைக் கீழே வைத்தீர்கள்.

"என்ற வாச்சையுமா சொன்னான்?"

"எல்லா வாச்சுந்தான்னான்."

"நங்கூரத்தையா? பட்டாளத்தானையா? அவன் அப்பன் பொறக்கறதுக்கு முந்தி செஞ்ச கம்பெனிங்க அது!"

உரிமை பற்றிய என் உரை செய்யாததை அந்த ஒரு சொல் செய்தது. நீங்கள் அன்றே மலையிறங்கினீர்கள். முள்ளுக்குறிச்சி ஊராட்சி வானொலிப் பெட்டியின் முன் அமர்ந்து, மணியோசை வந்ததும் ஐந்தையும் திருத்தி வைத்து, மறுநாள் ஏறி வந்தீர்கள். வழியில் நான் உங்களை எதிர்கொள்ள, ஐந்தையும் ஒத்துப் பார்த்தோம். நான்கு கடிகாரங்கள் அண்டை வீட்டார் போல் நெருங்கி நின்றன. சேவல் மட்டும் கால்மணி நேரம் முந்தியிருந்தது.

"இதைப் பையில் போடுங்கள்," என்றேன். "நான்கு போதும். எதிரியின் கையில் நாமே கல்லைக் கொடுக்கக் கூடாது."

"இது ஓடறது இப்பிடித்தானுங்க. ஒளிச்சு வெச்சா மட்டும் மெதுவாப் போயிருமா? கட்டிட்டுத்தான் வருவேன்."

நெடுந்தொலைவு வாதிட்டுக்கொண்டே நடந்தோம். நான் வெல்லவில்லை.

பனி அன்று பத்தடிக்கு மேல் பார்வையை விடவில்லை. நீங்கள் மணிக்கட்டு முதல் முழங்கை வரை ஐந்தையும் அடுக்கிக் கட்டிக்கொண்டு வாயிலில் நின்றீர்கள். "வளையல்காரியாட்டம் வந்து நிக்கறீங்களே," என்று பாவாயி அம்மையார் சொன்னதும் கூடையோடு நின்ற பெண்கள் எல்லாரும் சிரித்தார்கள். தோட்ட மேலாளரும் கண்காணியும் வந்தார்கள். நான் தொண்டையைச் செருமினேன். என் உரை அணியமாக இருந்தது. நீங்கள் முந்திக்கொண்டீர்கள்.

"தொரை, இந்தச் சேவலை மட்டும் பாக்காதீங்க. இது முந்தி ஓடும். மத்த நாலையும் பாருங்க. நாலும் நாலு கம்பெனி."

"பாத்தீங்களா, அவரே ஒத்துக்கிட்டாரு!" என்று கண்காணி துள்ளினார்.

மேலாளர் சிரிக்கவில்லை. தன் கடிகாரத்தின் குறையைத் தானே சொல்லும் ஒருவரை அவர் உற்றுப் பார்த்தார். நீங்களோ அவர் முகத்தைப் பார்க்கவே இல்லை. உங்கள் பார்வை அவருடைய சட்டைக் கையின் விளிம்பில் இருந்தது.

"தொரை கையில என்ன கம்பெனிங்க? நானும் நாலு வருசமாப் பாக்கறேன், சட்டை மறைக்குது. கொஞ்சம் காட்டுங்க."

அது சூழ்ச்சி என்று அன்று பலரும் எண்ணினார்கள். நான் அறிவேன், அது வெறும் ஆசை. நல்ல கடிகாரம் வைத்திருப்பவர் எவருக்கும் அதைக் காட்டாமல் இருக்க முடியாது. மேலாளர் கையை நீட்டினார். நீங்கள் குனிந்து அதன் முகப்பையும் முத்திரையையும் சாவியையும் பார்த்தீர்கள். "அடேங்கப்பா" என்றீர்கள். அதன் பிறகே நேரத்தைப் பார்த்தீர்கள்.

"இதும் நம்ம நாலோடதான் சேருதுங்க, தொரை. அஞ்சு அடிச்சுக் கா மணி ஆச்சு."

மேலாளர் தன் மணிக்கட்டைப் பார்த்தார். பனி நாள்களில் அதை அவர் பார்த்திருக்கலாம். பார்க்காதிருப்பதே அவருக்கு நலமாக இருந்தது. இப்போது அத்தனை பேர் முன் பார்த்தாகிவிட்டது. கண்காணியிடம் திரும்பி, "அடி" என்றார். தண்டவாளம் ஒலித்தது. பெண்கள் வெளிச்சத்திலேயே வீடு சேர்ந்தார்கள். மறுநாளும் சேர்ந்தார்கள்.

நான் அணியமாக வைத்திருந்த உரை அப்படியே நின்றுவிட்டது. அடுத்த பருவத்தில் தோட்டத்து மிளகு வேறொரு வணிகருக்குப் போயிற்று. நான் வருந்தினேன். "போச்சாதுங்க, உடுங்க," என்றீர்கள். "அந்தத் தொரை வாச்சுதான் கண்ணுலயே நிக்குது. விப்பாரான்னு கேட்டுச் சொல்லுங்க." அவர் விற்கவில்லை. பனி இறங்கும் நாள்களில் மட்டும் நீங்கள் ஏதாவது ஒன்றைக் கட்டிக்கொண்டு தோட்ட வாயிலில் வந்து நிற்பீர்கள். எதற்கென்று கேட்டால், "சும்மா, காத்து வாங்க" என்பீர்கள். மூடுபனியில் என்ன காற்று! உங்களைக் கண்டதும் கண்காணி மணியடித்துவிடுவார். ஆண்டுகள் இப்படியே சென்றன. சென்ற கோடையில் காய்ச்சல் உங்களைக் கொண்டுபோயிற்று. இவ்வாண்டு பனி இறங்கியதும் வாயில் வெறுமையாக இருந்தது. மணி பிந்தியது.

நண்பரே, நான் பல மேடைகளில் பேசியிருக்கிறேன். பேசும் முறையை நூல்களிலும் ஆசான்களிடத்தும் கற்றேன். உங்களிடம் நான் பெற்றது ஒன்றுதான்: நம் பக்கத்துக் குறையை நாமே முதலில் சொல்லிவிட வேண்டும். அந்த நாளுக்குப் பிறகு அப்படிச் சொல்லாமல் நான் எந்த வழக்கையும் தொடங்கியதில்லை. இன்றும் சொல்கிறேன். காலை மணி ஒலித்த பின் நம்மவருள் சிலர் ஆடி அசைந்து வேலைக்கு வருகிறார்கள். அது தவறு. கண்காணி சொல்லுமுன் நானே மேலாளரிடம் சொல்வேன். நாளை முதல் அது நிகழாது என்றும் சொல்வேன்.

இத்துடன் மடலை முடிக்கிறேன்.

பெருமக்களே! பெட்டி இதோ மேசைமேல் இருக்கிறது. கடிகாரங்கள் ஓடுகின்றனவா என்று அம்மையாரைக் கேட்டேன். "ரேடியோ மணி பாத்துத் திருப்பித்தானுங்க கொண்டாந்தேன். தப்பா ஓடுனா அவிய கனாவுல வந்து வைவாங்க," என்றார். ஆகவே நான்கு சரியாக ஓடுகின்றன. சேவல் முந்துகிறது, அதை நான் அணிந்துகொள்கிறேன்.

ஒருவர் வாயிலில் நின்று நமக்காகக் காவல் காத்த காலம் முடிந்துவிட்டது. இனி நேரம் உங்கள் கையிலேயே இருக்க வேண்டும். இந்த நான்கையும் உங்களுள் நால்வர் அணிந்துகொள்ளுங்கள். நாளை மாலை ஐந்து மணிக்குத் தண்டவாளம் ஒலித்தாலும் ஒலிக்காவிட்டாலும், கடிகாரம் அணிந்த நால்வரும் கூடையை இறக்கி வையுங்கள். அவர்களைப் பார்த்து மற்றவர்களும் இறக்கி வையுங்கள். ஒருவரும் ஓட வேண்டாம், ஒருவரும் ஏச வேண்டாம். மேலாளர் கேட்டால் கையைக் காட்டுங்கள். பிறகு வீட்டுக்கு நடங்கள்.

யார் அந்த நால்வர்? நாளை முடிவு செய்யலாம் என்று எவரும் சொல்லாதீர்கள். இப்போதே, இந்த விளக்கின் முன், மேடைக்கு வாருங்கள். பாவாயி அம்மா, நீங்கள் முதலில் வாருங்கள். கையை நீட்டுங்கள்.