சாணிக் கலர் போர்வை

இன்று காலை, போர்வை தைக்க வெட்டுத்துணி மூட்டையைப் பிரித்தேன். கஞ்சி வாடையும் மிஷின் எண்ணெய் வாடையும் சேர்ந்து முகத்தில் அடித்தன. மேலாகவே கிடந்தது அந்தச் சாணிக் கலர் நைட்டித் துணி, ஊதாப் பூப் போட்டது. செல்லூர்ச் சந்தில் நாம் இருவரும் சேர்ந்து தையல் கடை போட்ட புதிதில் தைக்க வந்தது. “இதப் போட்டுக்கிட்டு எவ வெளிய வருவா?” என்று நான் சிரித்தேன். நீ சிரிக்கவில்லை. வெட்டி விழுந்ததையெல்லாம் பொறுக்கிச் சுருட்டி வைத்தாய்.

அழகான துண்டுகளைப் பை தைக்கிறவர்கள் கேட்டு வாங்கிப் போய்விடுவார்கள். மிஞ்சுவது யாருக்கும் ஆகாதது. துருப்பிடித்த மாதிரி ஒரு ஆரஞ்சு, அழுகிய வாழைப்பழத்தோல் மாதிரி ஒன்று, யூனிபார்ம் கட்டம். அவற்றையும் அந்தச் சாணிக் கலரையும் வைத்துத்தான் உன் மகள் கல்யாணத்துக்குப் போர்வை தைத்தாய். அடியில் பழைய நூல் சேலை. நடுவில் ஒரு நல்ல சிவப்பு வைத்தால் எடுப்பாக இருக்குமே என்றேன்.

“ஏ புள்ள, அந்தச் செவப்ப நடுவுல உக்கார வச்சு இதுகள அதுக்குக் காவக்காரன் ஆக்கச் சொல்றியா? ஒண்ணோட ஒண்ணு முட்டிக்கிட்டே கெடக்கட்டும்.”

திருநகர் மண்டபத்தில் சீர்த்தட்டுகளோடு அதையும் வைத்தாய். மாப்பிள்ளையின் அம்மா இரண்டு விரலால் நுனியைத் தூக்கிப் பார்த்தார்.

“என்ன மதினி, கடையில வேற துணியே கெடைக்கலையா?”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். மேடையிலிருந்து உன் மகள், எடுத்துவிடச் சொல்லி எனக்குக் கண்ணைக் காட்டினாள். நான் மடிக்கப் போனேன். நீ என் கையைப் பிடித்துக்கொண்டாய்.

“கடையில கெடைச்சதெல்லாம் அந்தா இருக்கு மதினி. இது கடையில கெடைக்காது. வச்ச எடத்துலயே இருக்கட்டும்.”

குரலை நீ உயர்த்தவே இல்லை. ஆனால் சாயங்காலம் சீர்ச் சாமான்கள் வண்டியேறியபோது போர்வை மட்டும் மண்டபத்து நாற்காலியில் கிடந்தது. உன் மகள் விட்டுவிட்டுப் போயிருந்தாள். பைக்குள் வை என்றேன். கேட்கவில்லை. தோளில் விரித்துப் போட்டுக்கொண்டு பஸ் ஏறினாய். எல்லோரும் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்றுதான் போட்டிருந்தாய் என்று எனக்குத் தெரியும்.

பிறகு உனக்கு மார்பில் புற்றுக்கட்டி வந்தது. பெரியாஸ்பத்திரி வார்டிலும் அதைத்தான் போர்த்திக்கொண்டு படுத்தாய். உன் மகள் தினமும் வந்தாள். ஒருநாள் நான் சோறு கொண்டு வந்தபோது, உன் கட்டில் ஓரத்தில் அவளும் அதற்குள்ளேயே சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தாள். எழுப்பாதே என்று எனக்குச் சைகை காட்டினாய். கல்யாணப் பேச்சை நீங்கள் இருவருமே எடுக்கவில்லை.

உன்னைச் சுடுகாட்டுக்கு எடுத்துக்கொண்டு போன அன்று, நீ புழங்கிய பாயையும் தலையணையையும் வெளியே போட்டார்கள். மாப்பிள்ளையின் அம்மா, “இந்தக் கந்தலையும் சேத்துப் போட்டுருங்க” என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் உன் மகள் குறுக்கே வந்து நின்றாள். அழுது அழுது குரலே இல்லை அவளுக்கு.

“அது கந்தல் இல்ல அத்தை. எங்கம்மா எனக்கு வச்ச சீரு. என் கூட வருது.”

அவளே எடுத்து, உதறி, மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டாள். இப்போது அவள் வீட்டு முன்னறையில், வருகிறவர்கள் கண்ணில் படுகிற மாதிரி கட்டிலில் விரித்திருக்கிறாள். நான் போய்ப் பார்த்தேன். உண்மையைச் சொல்கிறேன், இன்றைக்கும் அது அழகாக இல்லை.

என் மகன் மிஷினை விற்றுவிட்டுத் தன்னோடு வந்து இருக்கச் சொல்கிறான். கப்பலூரில் அவனுக்கு வேலை. “இந்தக் குப்பைய வச்சு யாரும்மா போர்வை கேக்குறா?” என்கிறான். யாரும் கேட்கவில்லைதான். வரமாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

நீ இல்லாதது போகப் போகப் பழகிவிடும் என்கிறார்கள். எனக்குப் பழகவில்லை. ஆத்திரம்தான் வருகிறது. வரும்போதெல்லாம் உட்கார்ந்து மிதிக்கிறேன். மிஷின் ஓடுகிறது.