திரையில் நீ வைத்துவிட்டுப் போன வார்த்தைகள்

என் ஆசை அக்காவுக்கு,

இந்த வாரம் பள்ளியில் எதுவும் மண்டையில் ஏறவில்லை. பிரிக்பீல்ட்ஸில் மாமா நடத்தும் சாப்பாட்டுக் கடைக்கு நீ எழுதிக் கொடுத்த, பில் போடும் புரோகிராமை அவர் தூக்கி எறிந்துவிடுவாரோ என்று தவித்துக்கொண்டே இருந்தேன். நீ கண்ணை மூடிய பிறகு அங்கே உன்னுடையது என்று மிஞ்சியிருப்பது அது ஒன்றுதானே?

திரையில் தமிழ் வராது என்று எல்லாவற்றையும் ஆங்கில எழுத்தில் வைத்திருந்தாய் அல்லவா? 'கட்டு' என்றால் சோற்றைப் பொட்டலம் கட்டுவது என்று உனக்கும் மாமாவுக்கும் தெரியும். காப்பாரிலிருந்து புதிதாக வேலைக்கு வந்த சரசக்காவுக்கு எப்படித் தெரியும்? இலையில் சாப்பிட்டுவிட்டுப் பணம் நீட்டியவர்களுக்கெல்லாம் அதையே அழுத்தியிருக்கிறார். அடுப்படியில் சீட்டுச் சீட்டாக விழுந்து, பொட்டலங்கள் மலையாகிவிட்டன.

"என்னம்மா, ஊருக்கே சோறு கட்டுறியா?" என்று மாமா கத்தினார்.

"அவங்க காசு கட்டுறாங்கன்னுதான் 'கட்டு' அமுக்குனேன், பாஸ்!"

"பில்லுக்கு 'முடி' இருக்கே, கண்ணு தெரியலியா?"

"அது சோத்துல முடி கெடந்தா அமுக்கறதுன்னு நெனச்சேன் லா!"

நான் சிரித்துவிட்டேன். மாமா சிரிக்கவில்லை. "ரவாங்ல இருக்கற கம்ப்யூட்டர் ஆள வரச் சொல்லி வேற புரோகிராம் போட்டுடறேன்" என்றார்.

"ஒரு நாள் பொறுங்க மாமா" என்றேன். எந்தத் தைரியத்தில் சொன்னேன்? எதையாவது தொட்டு எல்லாமே நின்றுபோனால்?

அப்போதுதான் நீ அவரோடு போட்ட சண்டை நினைவுக்கு வந்தது. "நீங்க தெனமும் ஒரு பேரு சொல்வீங்க, அதுக்கெல்லாம் நான் உள்ள கை வைக்கணுமா? திரையில தெரியறது தனி ஃபைல், கணக்குப் போடறது தனி ஃபைல். இதை மாத்துனா அதுக்குத் தெரியவே தெரியாது!"

அந்தத் திரை ஃபைலைத் தேடிப் பிடித்தேன். 'கட்டு' இருந்த இடத்தில் பொட்டலம் கட்டுவதற்கு மலாயில் எல்லோரும் சொல்லும் 'புங்குஸ்' என்பதைப் போட்டேன். 'முடி'யை 'காசு' ஆக்கி, அதிலிருந்து தள்ளி வைத்தேன். உன் கணக்கு ஃபைலைத் திறக்கக்கூட இல்லை. சீட்டுகள் சரியாக வந்தன. "ரவாங் ஆளு வேணாம்" என்றார் மாமா.

ஆனாலும் மனம் அடங்கவில்லை அக்கா. கடை மூடும்போது திரையில் வருமே, 'போயிட்டு வரேன் மாமா' என்று, அதுவும் அதே ஃபைலில்தான் இருக்கிறது. "அதையும் மாத்திடு பாப்பா, பாக்க முடியல" என்றார் மாமா. எடுத்தால் உள்ளே ஒன்றும் கெடாது. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. இவ்வளவு சுலபமாகவா உன்னை அழிக்க முடியும்? "நாளைக்கு" என்று சொல்லி நழுவினேன்.

மறுநாள் கடை மூடுகிற நேரம். சரசக்காவை விலக்கிவிட்டு மாமாவே கம்ப்யூட்டரை அணைக்க வந்தார். உன் வரி வந்தது. அது மறையும்வரை நின்றிருந்தார்.

"சரி, வாம்மா" என்றார், திரையைப் பார்த்து.

அதற்குப் பிறகு அவர் மாற்றச் சொல்லவில்லை. கடைக்கு யார் வேலைக்கு வந்தாலும் அவர்களுக்குப் புரிகிற வார்த்தையை நான் வைத்துக் கொடுப்பேன். அந்த வரியில் மட்டும் கை வைக்க மாட்டேன்.

என்றும் உன்னைக் கேள்வி கேட்டே துளைக்கும்,
உன் தங்கச்சி