எட்டுத் தாள், ஐந்து தாள்

2 ஜூலை 1938, சனி

திருப்பதி டெண்ட் கொட்டகைக்கு இன்று நாலு கண்ணாடி ஸ்லைடு எழுதிக் கொடுத்தேன். "இடைவேளை" ஒன்று, "பெண்கள் பக்கம் ஆண்கள் உட்காரக் கூடாது" ஒன்று, சோப்பு விளம்பரம் இரண்டு. வாரமெல்லாம் சித்தூர் மிஷன் பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டர், சனிக்கிழமையானால் ரயிலேறி வந்து இந்த வேலை. ஏழு வருஷமாகப் பையன்களுக்கு மாம்பழமும் கூஜாவும் வரையச் சொல்லிக்கொடுத்து, இப்போது மாம்பழத்தைப் பார்த்தாலே எனக்குக் கோபம் வருகிறது.

கொட்டகையில் படம் ஓட்டுகிற கன்னையா மசால்வடை வாங்கி வந்தான். வடை மடித்த காகிதத்தில் ஒரு விளம்பரம். மதராஸில் ஒரு படக் கம்பெனி கார்ட்டூன் படங்களுக்கும் தந்திரக் காட்சிகளுக்கும் தனிப் பிரிவு வைக்கிறதாம். ஆறு பேருக்கு ஒரு வருஷம் பயிற்சி, பிறகு அங்கேயே வேலை. வயது முப்பதுக்குள். ஒரு ஆள் நடந்து வருவதை நாற்பத்தெட்டுத் தாளில் வரைந்து இந்த மாதம் 31க்குள் அனுப்ப வேண்டும்.

"ஒர்த்தன் நடக்கறதுக்கு நாப்பத்தெட்டு தாளா? ஜட்கா வண்டி வெச்சிக்கினு வரச் சொல்லுய்யா" என்று கன்னையா சிரித்தான்.

எனக்கு வருகிற நவம்பரில் முப்பது முடிகிறது. காகிதத்தை எண்ணெயோடு மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

5 ஜூலை

பிஸ்கட் டின்னுக்குள் விளக்கை வைத்து மேலே உடைந்த ஜன்னல் கண்ணாடியைப் போட்டாயிற்று. ஓரத்தில் இரண்டு ஆணி. டைப் அடிக்கிற மெல்லிய தாளில் இரண்டு ஓட்டை போட்டு ஆணியில் மாட்டினால், மேல்தாள் வழியே கீழ்த்தாள் படம் தெரிகிறது. அதைப் பார்த்து அடுத்ததைக் கொஞ்சம் நகர்த்தி வரைய வேண்டும். நானே யோசித்துச் செய்தது. பெருமையாக இருந்தது.

என் மனைவி கிருபாவதி எட்டிப் பார்த்தாள். "இன்னாங்க இது, கோழி அடைகாக்கப் போவுதா?"

விஷயத்தைச் சொன்னேன். சிரிப்பாள் என்று நினைத்தேன். "போனா அப்புறம் மாம்பழம் வரைய வேணாமில்ல?" என்று மட்டும் கேட்டாள். மூன்று வருஷம் குடித்தனம் செய்தவளுக்கு இது தெரியாதா என்ன.

9 ஜூலை, சனி

கன்னையா அறுந்துபோன பிலிம் துண்டுகளைக் காக்கிப் பையில் போட்டு வைத்திருந்து கொடுத்தான். ஒரு துண்டில் ஒரு ஆள் வாசலைத் தாண்டி வருகிறான். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பூதக்கண்ணாடியில் ஒவ்வொரு கட்டமாகப் பார்த்தேன். விநாடிக்கு இருபத்துநாலு கட்டம். வரைந்த ஒவ்வொரு தாளையும் இரண்டு தரம் படம் பிடிப்பார்களாம், அப்படியானால் விநாடிக்குப் பன்னிரண்டு தாள். ஒரு அடிக்கு ஆறு, மறு அடிக்கு ஆறு. நாற்பத்தெட்டுத் தாள் என்பது நாலே விநாடி!

இனி விநாடிக்குப் பன்னிரண்டு என்று நாக்கைத் தட்டி எண்ணிப் பழக வேண்டும்.

12 ஜூலை

வகுப்பில் டக்டக்கென்று நாக்கைத் தட்டிக்கொண்டே நின்றிருக்கிறேன். பையன்கள் ஒரே சிரிப்பு. வெட்கக்கேடு.

13 ஜூலை

யாரைப் பார்த்து வரைவது? போன சனிக்கிழமை திருப்பதி ஸ்டேஷனில் நின்று யாத்திரைக்காரர்களைப் பார்த்தேன். மொட்டையும் மூட்டையுமாக ஓடுகிறார்களே தவிர யாரும் நடக்கவில்லை. கொய்யாப்பழக்காரி ஒருத்தி, "இன்னாத்துக்குய்யா என் காலையே பாத்துகினு நிக்கற?" என்று சத்தம் போட்டாள். தலை தெறிக்க ஓடி வந்தேன்.

பிறகுதான் புத்தி வந்தது. கிருபா தினம் மூன்று தரம் காம்பவுண்டுக் கிணற்றிலிருந்து குடத்தோடு வருகிறாள். நான் எழுதுகிற ஜன்னலுக்கு நேர் எதிரே வருகிறாள். அவளிடம் சொல்லவில்லை. முடித்துவிட்டுக் காட்டலாம்.

அவளுக்கு இடது கால் கொஞ்சம் குட்டை. நாலு வயதில் வந்த காய்ச்சல் விட்டுப்போனது. பெண் பார்க்கப் போனபோதே சொன்னார்கள், ஒளிக்கவில்லை. எனக்கு அது ஒரு குறையாகவே பட்டதில்லை. ஆனால் படத்தில் எதற்கு? அதைச் சரிசெய்துதான் வரைகிறேன். ஆறு தாள், ஆறு தாள். பார்க்க லட்சணமாக வருகிறது.

15 ஜூலை

ஓட்டை கிழிந்து பதினொரு தாள் பாழ். டின்னை எட்டி உதைத்தேன். கால்தான் வலிக்கிறது.

16 ஜூலை, சனி

நாற்பத்தெட்டும் முடித்துத் திருப்பதிக்குக் கொண்டுபோனேன். கட்டாகப் பிடித்துக் கட்டைவிரலால் சரசரவென்று விட்டால் பெண் நடந்து வருகிறாள். நடக்கத்தான் செய்கிறாள்!

கன்னையா இரண்டு தரம் விட்டுப் பார்த்தான். தலையைச் சொறிந்தான். "தப்பா நெனச்சிக்காதய்யா. கூழு இருக்குது, உப்பு இல்ல. பொம்ம வருது, ஆளு வர்ல."

தினம் இரண்டு ஆட்டம், வருஷம் முழுக்க ஆட்கள் நடப்பதைப் பார்த்துக்கொண்டிருக்கிறவன். அவன் சொன்னால் கேட்டுக்கொள்ளத்தான் வேண்டும். ஆனாலும் வடைக்கு நான் காசு கொடுக்கவில்லை. கோபம்.

17 ஜூலை, ஞாயிறு

எங்கள் மிஷன் கோயிலில் இன்று தபால்கார நாகேந்திரன் வீட்டில் குழந்தை பிறந்ததற்கு ஸ்தோத்திரக் காணிக்கை. போதகர் ஏசுரத்தினம் பெயர் வாசிக்க, நாகேந்திரன் மனைவி யசோதா குழந்தையோடு இருபக்கப் பாய்களுக்கும் நடுவழியில் நடந்து போய்ப் பீடத்தில் காணிக்கைக் கவரை வைத்தார். எங்கள் வீட்டுக் காணிக்கை என்றால் எப்போதும் நான்தான் போவேன். கிருபா போகமாட்டாள். பெண்கள் பக்கம் கடைசிப் பாயில் உட்காருவாள். ஆராதனை முடிந்தால் எல்லோரும் போகிற வரைக்கும் ஜெபம் பண்ணுகிற மாதிரி தலை குனிந்திருந்து, பிறகு எழுந்து வருவாள். நான் வாசலில் நிற்பேன். நாங்கள் இதைப் பற்றி ஒரு நாளும் பேசியதில்லை.

சாப்பிட்டபின் தாள்கட்டை அவளிடம் காட்டினேன். கன்னையா சொன்னதைச் சொல்லவில்லை. அவளாவது நன்றாக இருக்கிறது என்று சொல்லட்டுமே என்றுதான்.

பார்த்தாள். "நல்லா நடக்கறா. யாருங்க இது?"

"நீதான்" என்றேன், பல்லை இளித்துக்கொண்டு.

மறுபடி ஒரு தரம் விட்டுப் பார்த்தாள். தாள்களை ஓரம் சேர்த்துத் தட்டி என் கையில் கொடுத்துவிட்டு எழுந்து போய்விட்டாள்.

18 ஜூலை

காலையில் கூழ் ஊற்றும்போது பேசினாள். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் நானும் போட்டிருப்பேன்.

"என்ன கட்டிக்கினு வந்தப்ப இந்தக் காலு இருந்துதில்ல? இப்ப இன்னாத்துக்கு எடுத்துட்டீங்க?"

"அழகா இருக்கட்டும்னு..." என்றேன்.

"அப்ப இது?" என்று தன் காலைக் காட்டினாள்.

குறையாகவே படவில்லை என்று ஐந்து நாளைக்கு முன்னால் இந்த நோட்டில்தான் எழுதியிருக்கிறேன். அதற்கு அடுத்த வரியிலேயே சரிசெய்து வரைகிறேன் என்றும் எழுதியிருக்கிறேன். என்ன மனுஷன் நான்? ஊர் பார்க்கக் கூடாது என்று அவள் கடைசியில் எழுந்து வருகிறாள். வீட்டுக்குள்ளேயும் ஒருத்தன் அதையேதானே செய்தான்? சே.

19 ஜூலை

நாற்பத்தெட்டுத் தாளையும் அடுப்பில் போட்டேன். அவள் பார்த்துக்கொண்டிருந்தாள், தடுக்கவில்லை.

20 ஜூலை

மன்னிப்புக் கேட்டேன். மனப்பாடம் செய்து வைத்ததெல்லாம் மறந்துபோய், "நான் மடையன், கிருபா" என்று மட்டும் வந்தது.

"அது தெரிஞ்சதுதான்" என்றாள். அப்புறம், "எனக்கு வந்தது கோவம் இல்லீங்க. அவ நல்லா நடக்கறாளேன்னு இருந்துது. அவ மேல பொறாமையா இருந்துது" என்றாள். என் கண் நிறைந்துவிட்டது. எழுதுகிற இப்போதும்தான்.

பிறகு அவளாகவே குடத்தை எடுத்தாள். "நீங்க ஜன்னலாண்ட இருந்தா நான் காலை அழுத்தி நேரா நடக்கப் பாப்பேன். நீங்க பாத்ததே பொய் நடைதான். இப்ப அப்படி வரமாட்டேன். எண்ணிக்கோங்க."

கிணற்றிலிருந்து வாசல்படி வரைக்கும் மூன்று தரம் நடந்தாள். நான் நாக்கைத் தட்டி எண்ணினேன். வலது காலில் நிற்கிறபோது எட்டு. இடது காலுக்கு மாறினால் ஐந்துதான், அதற்குள் உடம்பு இடப்பக்கம் சற்றுச் சாய்ந்து எழுந்துவிடுகிறது. எட்டு, ஐந்து, எட்டு, ஐந்து. ஒவ்வொரு ஐந்திலும் குடம் தளும்புகிறது, இடது கை முந்தானையைப் பிடிக்கிறது. இத்தனை நாள் இதைப் பார்க்காமல் எதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்?

மூன்றாம் தரம் வந்து குடத்தை இறக்கிவிட்டு, "போதுமா, இல்ல மேல்பாட்டி மலை வரைக்கும் நடக்கணுமா?" என்றாள்.

21 ஜூலை

இருபது தாள். நான் போடுகிற ஒவ்வொரு கோட்டையும் அவள் பார்க்கிறாள். "முந்தானையை எட்டாவதுல புடிக்கமாட்டேன், ரெண்டு தாள் தள்ளிப் புடிப்பேன்" என்றாள். சரிதான். அழித்து வரைந்தேன்.

23 ஜூலை, சனி

கன்னையா ஒரு தரம் விட்டுப் பார்த்தான். கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு மறுபடி விட்டான்.

"குடம் தளும்புதுய்யா" என்றான். பிறகு, "தங்கச்சிக்குத் தெரியுமா?" வீட்டுக்கு வந்து கிருபாவைப் பார்த்தவன்தானே.

"அவ சொல்லித்தான் வரைஞ்சேன்."

"அப்ப சரி" என்று வடை வாங்கப் போனான்.

25 ஜூலை

நாற்பத்தெட்டும் முடிந்தது. கடைசித் தாளில் அவள் வாசல்படியில் கால் வைக்கிறாள். நாகேந்திரனே தாள்கட்டைப் பார்சல் கட்டி ரெஜிஸ்தர் போட்டுக்கொடுத்தார். உள்ளே என்ன என்று கேட்டார். "என் வீட்டுக்காரி" என்று சொல்லிவிட்டு வந்தேன். மனிதர் முழித்தது முழித்ததுதான்.

6 ஆகஸ்ட்

தபால் இல்லை.

11 ஆகஸ்ட்

தபால் இல்லை. எல்லாம் பட்டணத்துப் பையன்களுக்கே கொடுத்திருப்பார்கள். கிருபா, "ஆறு பேரு எடுக்கறாங்கன்னா ஆறாவது ஆளா இருந்தா போதுங்க" என்கிறாள். அவளுடைய நிதானத்தைப் பார்த்தால் சில சமயம் எரிச்சலாக வருகிறது.

வகுப்பில் மாம்பழம். எழுபத்தெட்டு மாம்பழம் திருத்தினேன்.

19 ஆகஸ்ட், வெள்ளி

வந்துவிட்டது.

நாகேந்திரன் பள்ளிக்கூட வராந்தாவுக்கே கொண்டுவந்து கொடுத்தார். டைப் அடித்த இங்கிலீஷ் கடிதம். பயிற்சிக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கிறீர்கள், செப்டம்பர் பன்னிரண்டாம் தேதி ஆஜராகவும். கீழே யாரோ பேனாவால் தமிழில் ஒரு வரி எழுதியிருந்தார்கள்: "இந்தப் பெண் யார் வீட்டுக்குப் போகிறாள்? இங்கே எல்லோரும் கேட்கிறோம்."

வகுப்பை விட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினேன். முப்பது வயதாகப்போகிறவன், சட்டையெல்லாம் சாக்கட்டித் தூளோடு, தெருவில் ஓடினேன்! கிருபா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். அந்த வரியைப் படித்துக் காட்டினேன். முறத்தை அப்படியே மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"யார் ஊட்டுக்கா? நம்ம ஊட்டுக்குத்தான். எழுதிப் போடுங்க" என்றாள். பிறகு அழுதாள். நானும்.

22 ஆகஸ்ட்

தலைமையாசிரியர் ராஜினாமாக் கடிதத்தை வாங்கிக்கொண்டார். "சினிமாவுக்கா?" என்று முகத்தைச் சுளித்தார். மாம்பழத்தைப் பற்றி அவரிடம் சொல்ல முடியுமா? இருவருக்குமாக வேப்பேரியில் ஒரு அறை பார்க்கச் சொல்லி எழுதியிருக்கிறேன். குழாய்த் தண்ணீராம், குடம் தூக்க வேண்டியதில்லை. "அப்ப நான் எப்படி நடக்கறது?" என்கிறாள் கள்ளி.

28 ஆகஸ்ட், ஞாயிறு

எங்கள் ஸ்தோத்திரக் காணிக்கை. கவர் என் சட்டைப் பையில் இருந்தது. போதகர், "ஜெபதாஸ், கிருபாவதி குடும்பத்தார்" என்று வாசித்தார். நான் எழுந்திருப்பதற்குள் பெண்கள் பக்கம் கடைசிப் பாயிலிருந்து கிருபா எழுந்துவிட்டாள். நேரே என்னிடம் வந்தாள். கையை நீட்டினாள். கவரைக் கொடுத்தேன்.

நடுவழியில் போனாள். பாட்டு நடந்துகொண்டிருந்தது, பாதிப் பேர் பாட்டை விட்டுவிட்டுப் பார்த்தார்கள். அவள் காலை அழுத்தவில்லை. எட்டு, ஐந்து. எட்டு, ஐந்து. மூன்றாவது அடிக்கு மேல் எனக்கு எண்ணிக்கை விட்டுப்போயிற்று. அவள் போவதைப் பார்த்துக்கொண்டு சும்மா நின்றேன்.

ஆராதனை முடிந்ததும் எல்லோரோடும் கூட்டத்தில் இடிபட்டுக்கொண்டு வெளியே வந்தாள். வாசலில் நின்ற என்னிடம் மெதுவாகக் கேட்டாள்: "பீடம் வரைக்கும் எத்தினி தாளு?"

"எண்ணல" என்றேன்.