புகையில் வந்த பிள்ளை

1991 ஆவணி, திங்கட்கிழமை.

இன்றைக்கும் குண்டுவீச்சுக்குப் பதுங்கப் பின்வளவில் வெட்டிய பங்கருக்குள் இறங்கித்தான் தியானத்தில் இருந்தேன். இந்த வளவில் அதைவிட அமைதியான இடம் இல்லை. மனம் அடங்கினால் எல்லாம் தெரியும் என்று தியானம் பழக்கியவர்கள் சொன்னார்கள். கண்ணை மூடினால் என் காது ஹெலிகொப்டர் சத்தத்தைத்தான் தேடுகிறது. மகன் கடலுக்குப் போய்த் திரும்பாத நாளிலிருந்து தவறாமல் தியானத்தில் இருக்கிறேன். இருட்டைத் தவிர ஒன்றையும் காணவில்லை.

பொழுதுபடும் நேரம் இவர் கடற்கரை மடத்துச் சாமியாரோடு கஞ்சா புகைத்துவிட்டு வந்தார். கண் சிவந்திருந்தது. முகம் மட்டும் குளிர்ந்திருந்தது.

"இஞ்சாரும், இண்டைக்கும் எங்கடை பிள்ளையைக் கண்டனான். எனக்குப் பக்கத்திலை வந்து இருந்தவன்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "உது புகை காட்டுற கூத்து. வெறி முறிஞ்சால் ஆர் இருப்பினம்?" என்று கத்தினேன்.

"நீர் வெறியில்லாமல்தானே இருக்கிறீர். உமக்கு ஆர் வந்தவை?"

அவர் கோபமாகக் கேட்கவில்லை. அதுதான் தாங்கவில்லை.

சோற்றைப் போட்டுக் கொடுத்தேன். சாப்பிட்டு முடித்தார். அவர் காண்பதெல்லாம் பொய் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அவர் கை கழுவ எழும்பியபோது என் வாய் என்னைக் கேளாமலே கேட்டுவிட்டது.

"பிள்ளை மெலிஞ்சு போனானோ?"